அகராதியில் இல்லாத சொல்



இந்தப் பதிவில் என்னுடைய பிழை ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். மாணவர்களின் பிழைகளைத் திருத்துவதே நம் தொழில். ஆனால், நாம் திருத்தியதே பிழையாகிப் போன கதைகளை நாம் வெளியில் சொல்வதில்லை. சொன்னால் யாருக்கேனும் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இதில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரும் வருகிறது. தமிழாசிரியருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எண்ணிவிடாமல் இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.

2005ஆம் ஆண்டு. நான் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ்மொழி கற்பித்துக்கொண்டிருந்தேன். "நான் மேற்கொண்ட விண்வெளிப் பயணம்" என்ற தலைப்பில் கற்பனைக் கட்டுரை எழுதச் சொன்னேன். முப்பது பேர் எழுதினார்கள். இருபத்தொன்பது கட்டுரைகளில் விண்கலம் புறப்பட்டது, நிலவில் இறங்கியது, கொடி நடப்பட்டது, அம்மா தட்டி எழுப்பியதும் கனவு கலைந்தது. முப்பதாவது கட்டுரையில் மட்டும் யாரும் கனவு காணவில்லை. அதில் வந்த விண்கலம் வியாழனைத் தாண்டிச் சென்றது. வீரர்கள் கலத்திலிருந்து இறங்குவதற்கு ஏணியைப் பயன்படுத்தவில்லை. ஒரு மேடையில் நின்று, மறுகணம் கீழேயுள்ள கோளில் தோன்றினார்கள். அந்த மேடைக்கு அவன் வைத்த பெயர் "நொடித்தாவி". பகைவரைக் கொல்லாமல் மயங்கி விழச் செய்யும் கருவியின் கதிருக்கு "மயக்கொளி" என்று பெயரிட்டிருந்தான். ஒளியையும் விஞ்சிக் கலம் விரைந்த வேகத்தை "வளைவேகம்" என்று எழுதியிருந்தான்.

மூன்று சொற்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டேன். மூன்று சொற்பிழை என்று கணக்கிட்டேன். கட்டுரையின் அடியில், "அகராதியில் இல்லாத சொற்களைப் பயன்படுத்தாதே" என்று எழுதினேன். அன்றிரவு எனக்கு நல்ல உறக்கம் வந்தது. கடமையைச் செய்த ஆசிரியனின் உறக்கம் அது.

இரண்டு நாள் கழித்து அவனுடைய தந்தை பள்ளிக்கு வந்தார். சரக்குந்து ஓட்டுநர். சினத்தோடு வரவில்லை, தயக்கத்தோடு வந்தார். கையில் அந்தப் பயிற்சிப் புத்தகம் இருந்தது.

"சார், கோபப்படாதீங்க. இந்த மூணு சொல்லுல என்ன தப்புன்னு பையன் கேக்கிறான். எனக்குச் சொல்லத் தெரியல."

"அகராதியில் இல்லைங்க. தேர்வில் இப்படி எழுதினால் புள்ளி குறையும். அவன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்."

அவர் தலையாட்டினார். பிறகு, வெளியில் செல்லும் முன், மகன் எங்கிருந்து இதையெல்லாம் எடுத்தான் என்று விளக்கினார். இரவுச் சந்தையில் வாங்கிய குறுந்தட்டுகளில் தந்தையும் மகனும் "ஸ்டார் டிரெக்" என்ற தொடரைச் சேர்ந்து பார்ப்பார்களாம். பேச்சு ஆங்கிலத்தில் ஓடும். அடியில் மலாயில் துணைத்தலைப்பு வரும். "இதுக்குத் தமிழ்ல என்னப்பா?" என்று மகன் கேட்பானாம். தந்தைக்குத் தெரியாது. ஆகவே மகனே ஒரு சொல்லைச் சொல்லிப் பார்ப்பானாம். பிடித்திருந்தால் இருவரும் அதையே வைத்துக்கொள்வார்களாம்.

நான் புன்னகைத்துவிட்டு அடுத்த வகுப்பிற்குச் சென்றுவிட்டேன்.

அதன் பிறகு அந்த மாணவன் அகராதியில் இல்லாத ஒரு சொல்லைக்கூட எழுதவில்லை. ஆறாம் ஆண்டில் எல்லாரையும் போலவே எழுதினான். அவனுடைய விண்கலமும் நிலவில் இறங்கியது. யு.பி.எஸ்.ஆர். தேர்வில் தமிழில் 'ஏ' பெற்றான். நானும் மகிழ்ந்தேன்.

பதினைந்து ஆண்டுகள் கடந்தன. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது நாமெல்லாம் வீட்டிலிருந்து கைப்பேசி வழியே பாடம் நடத்தினோம். மே மாதம் அமெரிக்க அரசு, கொரோனா தடுப்பூசியை விரைந்து உருவாக்கும் திட்டமொன்றை அறிவித்தது. அதன் பெயர் "ஆபரேஷன் வார்ப் ஸ்பீட்". செய்தியைக் கண்ட ஒரு தாய் வகுப்பின் புலனக் குழுவில், "சார், வார்ப் ஸ்பீட்டுக்குத் தமிழ்ல என்ன? பிள்ளை கேக்குறா" என்று எழுதினார்.

அகராதியைப் புரட்டினேன். "வார்ப்" என்ற சொல்லுக்கு நெசவுப் பாவு, மரப்பலகையின் கோணல் ஆகிய பொருள்கள் கிடைத்தன. "பாவு வேகம்" என்றால் யாருக்கு விளங்கும்? "கோணல் வேகம்" என்றால் சிரிப்பார்கள். அரைமணி நேரம் தடுமாறினேன். அப்போது எங்கிருந்தோ ஒரு சொல் நினைவிற்கு வந்தது. வளைவேகம். நன்றாக இருக்கிறதே என்று மகிழ்ந்து அதையே குழுவில் எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் அது யாருடைய சொல் என்பது நினைவிற்கு வந்தது. நான் சிவப்பு மையால் வட்டமிட்ட சொல் அது.

அன்று தொடங்கி, அந்தத் தொடரின் சொற்கள் எப்படிப் பிறந்தன, எப்படி ஊரெங்கும் பரவின என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் ஆசிரியர்களுக்கு உதவக்கூடியவற்றைக் கீழே தருகிறேன்.

நெசவுத் தறியிலிருந்து விண்வெளிக்கு

"ஸ்டார் டிரெக்" தொடரை உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. அது அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் தொடங்கியது. பார்ப்போர் போதவில்லை என்று 1969இல் நிறுத்தப்பட்டது. மொத்தம் 79 பகுதிகள். நிறுத்தப்பட்ட பின்னர் மறு ஒளிபரப்புகளில்தான் அது மக்களின் உள்ளத்தில் இடம்பிடித்தது. தொடர்ந்து திரைப்படங்களும் புதிய தொடர்களும் வந்தன.

முதலில் "வார்ப்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழைய ஆங்கிலத்தில் எறிதல் என்ற பொருள் தந்த வேரிலிருந்து வந்தது அது. தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு நூலைக் குறித்தது. முறுக்கிக் கோணலாதலையும் குறித்தது. வெளியே வளைகிறது என்று இயற்பியல் சொல்லத் தொடங்கிய பின்னர், அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் அதே சொல்லை வானத்திற்கு எடுத்துச் சென்றார்கள். ஒளியைவிட விரைந்து செல்ல வேண்டுமானால் வெளியையே வளைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களின் கற்பனை. ஸ்டார் டிரெக் அந்தச் சொல்லைப் படைக்கவில்லை. முன்பே சில கதைகளில் இருந்ததை எடுத்து வாரந்தோறும் வீட்டுக்கூடங்களில் ஒலிக்கச் செய்தது.

பிறகு நடந்ததுதான் வியப்பு. 1994இல் மெக்சிகோ நாட்டு இயற்பியலாளர் மிகேல் அல்குபியர், ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டிற்கு உட்பட்டே வெளியை வளைத்து விரைவது கணக்களவில் இயலும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே "வார்ப் டிரைவ்" என்ற சொல் இடம்பெற்றது. அதைச் செய்து காட்ட யாராலும் இயலவில்லை. ஆனால், கதைக்காரரின் சொல் கணக்கறிஞரின் ஏட்டில் ஏறிவிட்டது. அதன் பிறகு 2020இல் ஓர் அரசின் தடுப்பூசித் திட்டத்திற்கே பெயராயிற்று. அந்தப் பெயரே சிலருக்கு அச்சத்தையும் ஊட்டியது. இவ்வளவு வேகமாகச் செய்தால் பாதுகாப்பு இருக்குமா என்று கேட்டார்கள். ஒரு சொல் தன்னோடு எவ்வளவு பொருளைச் சுமந்து செல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பணமில்லாமையால் பிறந்த சொல்

அந்த மாணவன் "நொடித்தாவி" என்றானே, அதற்குத் தொடரில் வழங்கிய பெயர் "டிரான்ஸ்போர்ட்டர்". இது பிறந்த காரணம் அறிவியல் அன்று, சிக்கனம். வாரத்திற்கு ஒரு புதிய கோளில் விண்கலம் இறங்குவதைப் படமெடுக்கத் தொடரின் வரவுசெலவு இடங்கொடுக்கவில்லை. ஆகவே, கலம் இறங்கவே வேண்டாம், ஆட்கள் மட்டும் மறைந்து தோன்றினால் போதும் என்று முடிவு செய்தார்கள். பளபளக்கும் உலோகத் துகள்களை ஒளியில் தூவிப் படமெடுத்து, மனித உருவத்தின் மேல் பொருத்தினார்கள். பண நெருக்கடியில் தோன்றிய அந்தக் கருவியை இன்று உலகமே அறியும்.

அந்தக் கருவியால் ஆளை அனுப்புவதைக் குறிக்க அவர்கள் "பீம்" என்ற சொல்லை வினையாகப் பயன்படுத்தினார்கள். பழைய ஆங்கிலத்தில் "பீம்" என்றால் மரம். பிறகு மரத்திலிருந்து அறுத்த விட்டம். பிறகு விட்டம் போல் நேராக நீளும் ஒளிக்கற்றை. அதன் பிறகு, அக்கற்றையைச் செலுத்துதல். இத்தொடருக்குப் பின், ஆளையே ஒளியாக்கி அனுப்புதல். காட்டு மரமாக நின்ற சொல் விண்கலம் வரை சென்ற வழியைப் பாருங்கள். நம் மொழியில் "பலகை" இன்று விசைப்பலகை, அறிவிப்புப் பலகை என்று கிளைத்திருப்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

"என்னை மேலே அனுப்பு, ஸ்காட்டி" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு தொடர் பழமொழி போலவே வழங்குகிறது. முதல் தொடரின் 79 பகுதிகளிலும் அந்தச் சொற்கள் அதே வடிவில் ஓரிடத்திலும் பேசப்படவில்லை. அதற்கு நெருக்கமான வடிவங்களே வருகின்றன. மக்கள் தாமே சுருக்கி, செதுக்கி, நாவிற்கு ஏற்றதாக ஆக்கிக்கொண்டார்கள். ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன் 1996இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்று நூலுக்கு அந்தத் தொடரையே தலைப்பாக வைத்தார். மக்கள் வழக்கு மூலத்தையே வென்றுவிட்டது.

"மயக்கொளி"யின் மூலம் "பேசர்" என்னும் கருவி. முதலில் எடுத்த முன்னோட்டப் படத்தில் "லேசர்" என்றே வைத்திருந்தார்கள். லேசர் 1960இல்தான் முதன்முதலாக இயங்கிக் காட்டியது. அதன் ஆற்றலும் எல்லையும் நாளடைவில் மக்களுக்கு நன்றாகத் தெரிந்துவிடும், அப்போது கதையைக் குறை சொல்வார்கள் என்று கருதி முதலெழுத்தை மாற்றினார்கள். ஓர் எழுத்து மாற்றத்தில் ஒரு புதிய சொல்.

பெயரிலும் இப்படி ஒன்று நேர்ந்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் முதல் விண்ணோடத்திற்கு "கான்ஸ்டிடியூஷன்" என்று பெயரிட இருந்தார்கள். தொடரின் அன்பர்கள் கடிதம் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். 1976இல் அந்த ஓடம் தொடரில் வரும் விண்கலத்தின் பெயரான "என்டர்பிரைஸ்" என்ற பெயருடன் வெளிவந்தது. ராடன்பெரியும் நடிகர்களும் அந்த நிகழ்வில் நின்றார்கள். அந்த ஓடம் சோதனைக்காகச் செய்யப்பட்டது. விண்வெளிக்குச் செல்லவேயில்லை. பெயர் மட்டும் சென்று சேர வேண்டிய இடத்திற்குச் சென்றுவிட்டது.

பிழையை விதியாக்கிய மொழியறிஞர்

என்னை மிகவும் உலுக்கியது அடுத்த செய்தி. அந்தத் தொடரில் கிளிங்கான் என்றொரு போர்க்குணம் கொண்ட இனம் வருகிறது. 1979இல் வந்த முதல் திரைப்படத்திற்காக, டூஹன் அவ்வினத்தார் பேசுவதாகச் சில ஒலிகளை அமைத்துக் கொடுத்தார். 1984இல் வந்த மூன்றாம் திரைப்படத்திற்கு முழு மொழியே வேண்டும் என்று கருதி, மார்க் ஓக்ரண்ட் என்ற மொழியியலாளரை அமர்த்தினார்கள். அவர் அந்தச் சில ஒலிகளை அடித்தளமாகக் கொண்டு ஒலியமைப்பு, சொற்கள், இலக்கணம் அனைத்தையும் கட்டினார். 1985இல் கிளிங்கான் அகராதி நூலாக வெளிவந்தது.

தமிழாசிரியர்களுக்கு அந்த இலக்கணம் சுவையானது. உலக மொழிகளில் மிக அரிதான சொல் வரிசையை அவர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். முதலில் செயப்படுபொருள், அடுத்துப் பயனிலை, இறுதியில் எழுவாய். "சோற்றை உண்டான் கண்ணன்" என்பது நமக்கு அணிநயம். கிளிங்கானில் அதுவே இயல்பு. வினையோடு ஒட்டுகள் அடுக்கடுக்காகச் சேர்வதும் உண்டு. "வண்டி" என்னும்போது நம் நா மேலண்ணத்தை வருடுகிறதே, அந்த ஒலியும் அதில் இருக்கிறது. ஆங்கிலேயர் பயிற்சி எடுத்துக்கொண்டு சொல்ல வேண்டியதை நம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இயல்பாகச் சொல்லிவிடுவார்கள். "வணக்கம்" என்பதற்கு அம்மொழியில் சொல் இல்லை. ஒருவரைக் கண்டால், "உனக்கு என்ன வேண்டும்?" என்றே கேட்பார்கள். இனத்தின் குணம் மொழியில் தெரிய வேண்டும் என்று அவர் எண்ணினார்.

படப்பிடிப்பில் நடிகர்கள் சில சமயம் வசனத்தைத் தவறாக உச்சரித்துவிடுவார்கள். காட்சி நன்றாக அமைந்திருந்தால் மீண்டும் எடுக்க மாட்டார்கள். அப்போது ஓக்ரண்ட் என்ன செய்தார் தெரியுமா? நடிகரைக் குறை கூறவில்லை. அவர் பேசியதற்கு ஏற்பச் சொல்லையோ விதியையோ மாற்றிக்கொண்டார். தவறு என்று தள்ள வேண்டியது அம்மொழியின் ஒரு பகுதியாயிற்று.

இதைப் படித்தபோது என் சிவப்பு மைப் பேனா நினைவிற்கு வந்தது. அவர் விளையாட்டாகச் செய்தவர் அல்லர். 1977இல் அவர் முனைவர் பட்டத்திற்காக ஆராய்ந்தது, கலிபோர்னியாவின் பழங்குடி மக்கள் பேசிய முட்சுன் என்ற மொழி. அம்மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மூதாட்டி 1930இல் மறைந்தார். பேச ஆளில்லாத மொழியின் ஏடுகளை வைத்துக்கொண்டு அதன் இலக்கணத்தை வரைந்தவர் அவர். தம் முன்னோர் மொழியை மீட்க முயலும் அம்மக்களுக்கு இன்று அந்த ஆய்வும் கைகொடுக்கிறது. ஒரு மொழி எப்படி இறக்கிறது என்பதை அருகிலிருந்து கண்டவர், ஒரு மொழிக்கு உயிர் எங்கிருந்து வருகிறது என்பதையும் அறிந்திருந்தார் போலும். பேசுபவர் வாயிலிருந்துதான் வருகிறது.

அந்தக் கற்பனை மொழியைப் பயில 1992இல் ஒரு கழகம் தோன்றியது. ஷேக்ஸ்பியரின் ஹேம்லட் நாடகம் அதில் பெயர்க்கப்பட்டது. 2018இல் டுவோலிங்கோ செயலியில் அதற்குப் பாடத்திட்டம் வந்தது. பெற்ற தாய் எவரும் தாலாட்டுப் பாடாத ஒரு மொழிக்கு இத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள்.

அகராதி என்ன செய்கிறது?

"அகராதியில் இல்லை" என்பதே நான் சொன்ன காரணம். அகராதியின் வேலை என்ன என்பதையே நான் அன்று சரியாக எண்ணிப் பார்க்கவில்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் கிளிங்கான் இருக்கிறது, பேசர் இருக்கிறது, வார்ப் டிரைவ் இருக்கிறது. யாரோ ஒரு பேராசிரியர் அனுமதி கொடுத்ததால் அவை அங்குச் செல்லவில்லை. மக்கள் அவற்றை எழுதினார்கள், பேசினார்கள். அதற்குச் சான்று திரண்டது. ஆகவே அகராதி குறித்துக்கொண்டது. அகராதி வருகைப் பதிவேடு போன்றது. வகுப்பிற்கு வந்தவர் பெயரைக் குறிக்கும். பதிவேட்டில் பெயர் இல்லை என்பதற்காக, முன்னால் நிற்கும் பிள்ளையை இல்லை என்று சொல்வோமா?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதைப் புரட்டிக் "கணினி" என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். இராது. இருக்கவும் முடியாது. ஒரு காலத்தில் யாரோ ஒருவர் முதன்முதலாக அதை எழுதியிருக்க வேண்டும். அன்று அவரருகில் என்னைப் போன்ற ஓர் ஆசிரியர் சிவப்பு மையோடு அமர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

இப்போது அந்த மாணவனின் சொற்களை மீண்டும் பார்க்கிறேன். தொலைபேசி, ஒலிபெருக்கி, மின்தூக்கி ஆகிய சொற்களில் பேசு, பெருக்கு, தூக்கு என்னும் வினைகளோடு இகர விகுதி சேர்ந்து கருவிப்பெயர் ஆகிறது. அதே முறையில் தாவு என்பதிலிருந்து "தாவி". நொடியில் தாவுவது நொடித்தாவி. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் ஒற்றைச் சரியாக இட்டிருந்தான். அந்த வகுப்பில் பாதிப் பேர் அந்த ஒற்றை விட்டிருப்பார்கள். மயக்கு, ஒளி இரண்டும் புணரும்போது குற்றியலுகரம் கெட்டு "மயக்கொளி" ஆனது. வினைத்தொகை. "வளைவேகம்" என்பதும் அவ்வாறே. ஐந்தாம் ஆண்டு மாணவனுக்குப் பெயர் தெரியாத இலக்கணம் நாவில் இருந்தது. ஆங்கிலத்தில் கேட்டு, மலாயில் படித்து, தமிழில் ஆக்கினான். மும்மொழி அறிந்த அறிஞர் குழு கூடிச் செய்ய வேண்டிய வேலையை வரவேற்பறைத் தரையில் அமர்ந்து தந்தையோடு செய்தான். நான் அதில் மூன்று சொற்பிழை கண்டேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2003ஆம் ஆண்டு முதல் நம் பள்ளிகளில் முதலாம் ஆண்டிலிருந்து கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாறின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல்தான் வந்தது. 2005இல் ஐந்தாம் ஆண்டில் இருந்த அவன், அறிவியலைத் தமிழில் படித்தவன். அவனுக்கு இரண்டாண்டு பின்னால் வந்த தம்பி தங்கைகள் ஆங்கிலத்தில் படித்தார்கள். அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் இல்லை என்று நாம் ஆசிரியர் அறையில் அமர்ந்து வருந்திக்கொண்டிருந்தோம். வகுப்பறையில் பிறந்த சொல்லை நான் வட்டமிட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாப் பிழையும் புதுச்சொல் அன்று

ஆசிரியர் நண்பர்கள் சிலர் இதைக் கேட்டு, "அப்படியானால் மாணவர் எழுதுவதையெல்லாம் சரி என்று விட்டுவிடலாமா?" என்று வினவினார்கள். நியாயமான கேள்வி. "பள்ளி" என்பதைப் "பல்லி" என்று எழுதினால் அது பிழையே. அதைத் திருத்தாமல் விடுவது அன்பு ஆகாது. ஸ்டார் டிரெக்கிலும் நூற்றுக்கணக்கான சொற்கள் ஒரு பகுதியில் தோன்றி அதிலேயே மறைந்தன. தேவையும் புழக்கமும் சேர்ந்த சொற்களே நிலைத்தன.

ஆகவே நான் இப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறேன். இந்தச் சொல்லால் குறிக்கப்படும் பொருளுக்கு மாணவன் அறிந்த வேறு தமிழ்ச் சொல் உண்டா? தெரிந்த வேர்களிலிருந்தும் விதிகளிலிருந்தும் இது பிறந்திருக்கிறதா? முதன்முறை படிப்பவருக்குப் பொருள் ஓரளவேனும் விளங்குகிறதா? முதல் கேள்விக்கு இல்லை என்றும் மற்ற இரண்டுக்கும் ஆம் என்றும் விடை வந்தால் அது பிழையன்று, படைப்பு. அதற்குச் சிவப்பு மை வேண்டாம். பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை "என் சொற்கள்" என்று பெயரிட்டு ஒதுக்கியிருக்கிறேன். மாணவர் தாம் ஆக்கிய சொல்லையும், அது பிறந்த வழியையும் அங்கே எழுதுவார்கள். ஏற்கெனவே சொல் இருந்தால் அதையும் அருகில் நான் எழுதிவிடுவேன். சென்ற ஆண்டு ஒரு சிறுமி, கைப்பேசித் திரையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டேயிருக்கும் பழக்கத்திற்குத் "திரைமேய்ச்சல்" என்று எழுதினாள். ஆசிரியர் அறை முழுவதும் இப்போது அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம்.

தேர்வுப் புள்ளி என்ற என் பழைய காரணமும் இன்று இல்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. இனி நாம் அஞ்சுவதற்கு நாமே காரணம்.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் பழைய பதிவேட்டிலிருந்த எண்ணை அழைத்துப் பார்த்தேன். தந்தைதான் எடுத்தார். குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டார். மகன் வெளியூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிவதாகச் சொன்னார். "தமிழ்ல எழுதறதெல்லாம் இப்ப இல்லீங்க சார். வேலை அப்படி" என்றார். நான் நடந்ததைச் சொல்லி, மகனிடம் என் வருத்தத்தைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க அப்ப நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றார். அந்தப் பெருந்தன்மை எனக்கு ஆறுதலாக இல்லை.

மறுநாள் மகனிடமிருந்து புலனத்தில் ஒரு செய்தி வந்தது. ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதியிருந்தான். "சார், அந்தச் சொல்லை நானா எழுதினேன்? எனக்கே மறந்துபோச்சு." அதற்குக் கீழே ஒரு சிரிப்புக் குறி.

அவனுக்கு மறந்துவிட்டது. அவன் மறக்கும்படி செய்தவன் நான். என் வகுப்பில் இப்போது வளைவேகம் என்ற சொல் வழங்குகிறது. சொன்னவன் யார் என்று பிள்ளைகள் கேட்டால், இந்தப் பள்ளியில் உங்களுக்கு முன் படித்த ஓர் அண்ணன் என்று சொல்கிறேன்.

பெற்றோர்களே, தொலைக்காட்சி பார்க்கும்போது பிள்ளை, "இதற்குத் தமிழில் என்ன?" என்று கேட்டால், தெரியவில்லை என்று வருந்தாதீர்கள். அந்தச் சரக்குந்து ஓட்டுநரைப் போல், "நீயே ஒன்று சொல்லேன்" என்று சொல்லிவிட்டு அருகில் அமருங்கள். ஆசிரியர்களே, அந்தச் சொல் மறுநாள் கட்டுரையில் நம் மேசைக்கு வரும். வட்டமிடும் முன் ஒரு நொடி நிறுத்திப் படித்துப் பார்ப்போம்.